நல்ல காலின் அளவு

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இப்போது கேட்பதில்லை. மலைச்சரிவில் மெஷின் பிடித்து வெட்டிய தேயிலையை வலைச்சாக்குகளில் அடைத்து, லோரி வந்து நிற்கும் தகரக் கொட்டகைக்கு இறக்குவார்கள். நிறுவைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் நான் சாக்கின் வாயைப் பிரித்து, முழங்கை முங்கும்வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். மேலே பொலபொலவென்று உலர்ந்த இலை இருக்கும். அடியில் யாரோ ஓடைத் தண்ணீரை ஊற்றி நனைத்து வைத்திருப்பார்கள். ஈர இலைக்கு எடை கூடும் அல்லவா? மழைநாள் என்றால் எல்லாச் சாக்குக்கும் பொதுவாகத் தண்ணீர்க் கழிவு என்று எடையில் கொஞ்சம் குறைத்துவிடுவேன். வெயில்நாளில் கையில் ஈரம் பட்டால், அந்த ஆளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்வேன். பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த வாட்டசாட்டமான ஆண்கள் என் வாய்க்குப் பயப்படுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அளவை எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. என் தங்கையின் முட்டி இரண்டாம் முறை போனதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் இரண்டு பேரும் வலைப்பந்து ஆடுகிறவர்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் இருக்கிறது. ஓரமெல்லாம் பாசி, பனி இறங்கிவிட்டால் நடுவிலும் வழுக்கும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் அங்கே கூடுவோம். நான் கோல் பக்கம் நின்று தடுக்கிறவள். தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள், நடுவில் நின்று ஆட்டத்தையே நடத்துகிறவள். இந்த விளையாட்டில் பந்தைப் பிடித்தவள் அதற்குமேல் ஓடக் கூடாது. ஓடி வந்து, எழும்பிப் பிடித்து, இறங்கிய இடத்திலேயே சட்டென்று நின்றுவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பந்துதான் தெரியும். ஆடுகிறவளுக்குத் தெரியும், உடம்பின் மொத்த வேகத்தையும் ஒரு முட்டி வாங்கிக்கொள்கிறது என்று.

என் முட்டி போனது கம்போங் ராஜாவில் நடந்த ஒரு போட்டியில். யாரும் தள்ளவில்லை, யாரும் பக்கத்தில்கூட இல்லை. எழும்பி இறங்கினேன், முட்டி உள்பக்கமாகச் சரிந்தது, உள்ளே ஏதோ அறுந்தது எனக்கே கேட்டது. அப்புறம் மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன். முட்டிக்குள் குறுக்கே இருக்கும் தசைநார் அறுந்துபோயிருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து அந்த இடத்தில் புதிதாகப் பொருத்தினார்கள்.

அங்கேதான், காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த ஃபிசியோவைப் பார்த்தேன். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மெலிந்த கைகள், பேசும்போது நம் கண்ணைவிட நம் காலைத்தான் அதிகம் பார்ப்பாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

"கா, உள்ள வச்சிருக்கிற நாரு இப்ப சும்மா கட்டி வச்ச கயிறு மாதிரி. அது ஒங்க ஒடம்போட ஒட்டி உயிர் புடிக்க மாசக்கணக்கா ஆகும். நடுவுல வலி போயிடும், வீக்கம் போயிடும், சரியாயிடுச்சுன்னு நெனைப்பீங்க. அந்த நேரத்துலதான் அது ரொம்ப வீக்கா இருக்கும். அவசரப்படாதீங்க."

எத்தனை மாதம் என்று கேட்டேன். குறைந்தது ஒன்பது என்றாள். ஒன்பது முடிந்தாலும் அளந்து பார்த்துத்தான் அனுப்புவேன் என்றாள். பிள்ளை பெற்றுவிடலாம் போலிருக்கிறதே என்றேன். அவள் சிரித்துவிட்டு, குதிகாலைச் சுவரோடு இழுத்து முட்டியை மடக்கும் பயிற்சியைக் காட்டினாள்.

மலையில் வாழ்கிறவளுக்கு முட்டி வலி என்ன என்பதைச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் கணவர், அம்மா, தங்கை எல்லோருமாக நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து சாலைக்கு வர எழுபது படிக்கு மேல் இறங்க வேண்டும். ஏறுவது ஒன்றுமில்லை, இறங்குவதுதான் கொலை. காலைக் குளிரில் முட்டி மரக்கட்டையாக இருக்கும். பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவேன். அதைப் பார்த்து லயத்துப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நான் கத்துவேன். அவர்கள் ஓடுவார்கள், எனக்கு ஓட முடியாது.

ஒன்பது மாதம் முடிந்தது. அந்தப் பரிசோதனை இப்படி: தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும், பக்கத்தில் அளவு நாடா விரித்திருக்கும். ஒற்றைக் காலில் நின்று, முடிந்த அளவு தூரம் முன்னால் தாண்டி, அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு ஆபரேஷன் செய்த கால். இரண்டையும் ஒப்பிடுவாள். ஆபரேஷன் கால் தாண்டும் தூரம் நல்ல கால் தாண்டும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருந்தால்தான் விளையாட விடுவாள். வேறு சில பயிற்சிகளும் உண்டு. ஆனால் எல்லோரும் தோற்பது இதில்தான்.

நான் முந்தின நாளே கோயில் தளத்தில் தாண்டிப் பார்த்திருந்தேன். நல்ல கால் நூற்று முப்பது சென்டிமீட்டர். மற்றது நூறைத் தொடத் தடுமாறியது. அடுத்த நாள் அந்த வெள்ளைக் கோட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நல்ல கால் இவ்வளவு தாண்ட வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு காலை இன்னொரு காலோடு வைத்துத்தான் பார்க்கிறாள். இந்தப் பக்கம் கூட்ட முடியாவிட்டால் அந்தப் பக்கம் குறைத்தால் போதும்.

நல்ல காலில் நூற்றெட்டு தாண்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கையை நன்றாக வீசி, மூன்று முறையும் ஏறக்குறைய அதே நூற்றெட்டு. மற்றக் காலில் உயிரைக் கொடுத்து நூறு தாண்டினேன். அவள் கைதட்டினாள். "சூப்பர் கா!" என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரத்தில் மறுபடி ஆட இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பருவம் முழுக்க ஆடினேன், அடுத்த பருவமும் ஆடினேன். அப்போதே ஏதாவது ஆகியிருந்தால் என் ஒருத்தியோடு போயிருக்கும். ஆகாததனால், நான் கெட்டிக்காரி என்று நம்பிவிட்டேன்.

தங்கையின் முட்டி போனபோது அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்து சில மாதம். திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டி லோரிக்கு அனுப்பும் வேலை செய்துகொண்டிருந்தாள். அதே விளையாட்டு, அதே மாதிரி இறக்கம். அக்கா தங்கைக்கு இப்படி ஒரே மாதிரி போவது உண்டுதான் என்று டாக்டர் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அதை அவளுக்கு ஒட்டவைத்தேன் என்பது போல இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா அழ ஆரம்பித்ததால் மூடிக்கொண்டேன்.

என்னைப் போல அவள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவள் இல்லை. இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் மாநில அணிக்கான தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் முட்டி போனது. அடுத்த வருஷத் தேர்வுக்கு அவள் வயது சரியாக இருக்கும், அதற்கடுத்த வருஷம் தாண்டிவிடும். ஆக, இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அவளும் அதைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவள் இல்லை. சமையலறைக் கதவின் பின்னால் தேர்வு மாதத்தின் பெயரைப் பென்சிலால் சின்னதாக எழுதிவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளை ஈப்போவுக்கு அழைத்துப் போவதும் வருவதும் என் பொறுப்பு. அதே ஃபிசியோ. என்னைப் பார்த்ததும் மலர்ந்து போனாள். "அக்காவையே கேட்டுக்கோங்க, எல்லாம் தெரியும்" என்றாள் தங்கையிடம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

தங்கை செய்த மாதிரி யாரும் பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை. விடியுமுன் எழுந்து, கம்பளிக்குள்ளேயே முட்டியைச் சூடுபண்ணிக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்துச் செய்வாள். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்கார்வாள். படியில் நின்று மெல்ல மெல்லக் காலை இறக்குவாள், முட்டி உள்பக்கம் சாயாமல் இருக்கிறதா என்று எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். பூத்தோட்டத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பிறகும் செய்வாள். போதும் விடு என்று நான்தான் சொல்வேன்.

"இல்லக்கா, அவங்க பன்னெண்டுன்னு சொன்னா பன்னெண்டு செய்யணும் லா" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒன்பதாவது மாத அளவில் நல்ல கால் நூற்று நாற்பத்தாறு, ஆபரேஷன் கால் நூற்றுப் பத்தொன்பது. எண்பத்தொரு விழுக்காடுதான். ஃபிசியோ உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லா வந்துக்கிட்டு இருக்கு. ஆனா இன்னும் ஒரு ரெண்டு மாசம் வேணும்."

தேர்வுக்கு இருந்தது ஐந்து வாரம். அதில் கலந்துகொள்ள ஆஸ்பத்திரியின் தகுதித் தாள் கட்டாயம் வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம் என்று ஃபிசியோ சொன்னாள், பெரிய நம்பிக்கை இல்லாமல்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் தங்கை தட்டைத் தொடவில்லை. கதவின் பின்னால் இருந்த பென்சில் எழுத்தை யாரும் பார்க்காத நேரத்தில் எச்சில் தொட்டு அழித்திருந்தாள். காலையில்தான் அதைப் பார்த்தேன். அவள் எவ்வளவு உழைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு அளவு நாடா எப்படி அவளைத் தடுக்கலாம் என்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டால் யோசனை தானாகவே நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு என்பதால் லோரி இல்லை, ஆள் இல்லை. சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன்.

"நல்ல கால்ல தாண்டு பாக்கலாம்."

தாண்டினாள். நூற்று நாற்பத்தேழு.

"இப்ப அதே மாதிரி நூத்து முப்பது தாண்டு. தாண்டுறப்ப கைய நல்லா வீசு, மொகத்துல சிரமம் தெரியணும். முட்டிய மட்டும் கொறச்சலா மடக்கு."

அவள் நின்றாள். அவளுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, இதுக்குத்தானே நீ போன மாசம் அந்த நேப்பாளிகாரன எல்லார் முன்னாலயும் சாக்கக் கொட்ட வச்சே?"

"அது களவு. இது ஒன்னோட காலு. ஒன்னோட கால நீ கொறச்சா யாருக்கு நட்டம்?"

"எனக்கே நட்டமா இருந்தா?"

"எனக்கு ஏதாச்சும் ஆச்சா? நானும் இப்படித்தான் வந்தேன். ரெண்டு வருசமா ஆடலையா? கொஞ்சம் தாஹான் பண்ணு, பல்லக் கடிச்சுப் பொறுத்துக்கோ, ஆட்டத்துக்குள்ள எறங்கிட்டா எல்லாம் தானா வந்துடும்."

அதுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வியப்பு இருந்ததாக நினைத்துக்கொண்டேன். பிறகு கோட்டில் போய் நின்று தாண்டினாள். ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பதுக்கும் நூற்று முப்பத்திரண்டுக்கும் நடுவில் எத்தனை முறை கேட்டாலும் இறங்கினாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள், இதையும் ஒழுங்காகச் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து நல்ல கால் நூற்று முப்பத்திரண்டு, ஆபரேஷன் கால் நூற்று இருபத்தொன்று. தொண்ணூற்றிரண்டு விழுக்காடு. ஆனால் நான் ஒன்றை மறந்திருந்தேன். என் காலத்தில் அந்தப் பெண் பழைய அளவு எதையும் வைத்திருக்கவில்லை. இப்போது முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தாளையும் கோப்பில் கோத்து வைத்திருந்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல காலு ஏன் எறங்கியிருக்கு? போன தடவ நூத்து நாப்பத்தாறு."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"காலைல அஞ்சு மணிக்கே கெளம்பி வந்தோம். சாப்புடல, களைப்பு."

"அப்ப அடுத்த வாரம் ஒரு தடவ பாத்துடலாமா கா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அடுத்த வாரம் என்றால் தாளை அனுப்பும் கெடு தாண்டிவிடும். நான் எழுந்து நின்றேன். கொட்டகையில் பேசுகிற குரல் அந்த அறையில் வந்தது. மலையிலிருந்து இறங்கி ஏறுவது என்ன சும்மாவா, இந்தப் பிள்ளை விடியக்காலையில் செய்கிற பயிற்சியை நீங்கள் ஒரு நாள் பார்த்திருக்கிறீர்களா, நீங்கள் சொன்ன தொண்ணூறு வந்துவிட்டதா இல்லையா, வந்தபிறகும் இல்லை என்றால் எதற்கு அந்தக் கணக்கு என்று கேட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கையின் ஆபரேஷன் முட்டிமேல் ஒரு நொடி உள்ளங்கையை வைத்து எடுத்தாள். "பாத்து ஆடுங்க" என்றாள்.

தேர்வு சமவெளியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. பளபளவென்று மரத்தரை. எங்கள் பாசித் தளத்தில் ஆடிப் பழகியவளுக்கு அந்தத் தரை காலைப் பிடித்து இழுப்பது போல இருந்ததாம், பிறகு சொன்னாள். நான் மேலே படிக்கட்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். முதல் கால்பகுதி ஆட்டத்தில் அவள் அருமையாக ஆடினாள். தேர்வாளர்களில் ஒருவர் அவளைச் சுட்டிக்காட்டிப் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். பார்த்தாயா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

இரண்டாம் கால்பகுதியில் ஒரு நீளமான பந்து வந்தது. குறுக்கே ஓடி, எழும்பி, ஒரு கையால் தடுத்து, மறு கையால் பிடித்தாள். இறங்கியது ஆபரேஷன் செய்த காலில். அந்த முட்டி உள்ளே போனதை, அது போய் முடிப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். கீரைத்தண்டு ஒடிவது போல ஒரு சத்தம், மேலேவரை கேட்டது. அவள் கத்தவில்லை. பந்தை விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நான் போய் அவள் தலையைத் தூக்கியபோது, "அக்கா, போயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பொருத்திய நார் முழுதாக அறுந்திருந்தது. இந்த முறை முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அதில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. புதிய நாரை நல்ல காலிலிருந்து எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் மலாயில் நிதானமாகச் சொன்னார்: நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம், ஆனால் ஓடி எழும்பி இறங்கும் விளையாட்டை இனி மறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நாற்பது வயதில் நடப்பதே சிரமமாகிவிடும். தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாவற்றையும் புரிந்துகொண்ட பிள்ளையைப் போல.

நான் யார்மேல் கோபப்படவில்லை? அந்த மரத்தரைமேல், பந்தை அவ்வளவு நீளமாக எறிந்தவள்மேல், தேதியைத் தள்ளிவைக்காதவர்கள்மேல், மலையில் ஒரு நல்ல விளையாட்டரங்கு கட்டாதவர்கள்மேல். வீட்டில் பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலேயே என் கணவர் வெளியே போய்விடுவார். கொட்டகையில் ஒரு வாரம் எந்தச் சாக்கிலும் கையை விடவில்லை. கொண்டுவந்ததை அப்படியே நிறுத்து அனுப்பினேன். என்ன கிராணி, உடம்பு சரியில்லையா என்று அந்த நேப்பாளத்து ஆளே கேட்டான். அடுத்த சாக்கைக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். என்மேல் எனக்கு வரவேண்டிய கோபம் கடைசியில்தான் வந்தது. அது வந்தபோது, அதை யார்மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஒரே ஒரு முறை கேட்டார். "ஒன்ன நம்பித்தானே அனுப்புனேன். டாக்டருங்கல்லாம் சரின்னு சொல்லித்தானே வெளயாட விட்டே?"

"ஆமா" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் தங்கையை மறுபடி ஃபிசியோவிடம் கூட்டிப் போனேன். இரண்டு ஊன்றுகோல்களோடு அவள் மெதுவாக உள்ளே வந்தாள். இரண்டு காலிலும் தழும்பு இருந்ததால் எந்தக் காலை ஊன்றுவது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசித்தாள். ஃபிசியோ எழுந்து வந்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாள். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துவந்து எங்கள் முன்னால் திறந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட. அன்னிக்கு நல்ல காலோட அளவு எறங்கியிருந்துச்சு. நான் பாத்தேன். அப்படி எறங்குனா அந்த ரெண்டு காலையும் ஒப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையெழுத்து போட்டேன். எங்க பெரியவங்ககிட்ட சொல்லிட்டேன், தப்பு என்மேலதான்னு. கொஞ்ச நாளைக்கு இந்த டெஸ்ட்ட தனியா எடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. அது சரிதான். ஆனா ஒங்ககிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்னு தோணுச்சு."

அவள் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அறையில் யாரும் பேசவில்லை. தங்கை தரையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான். ஆண்களைக் கூட்டத்தில் நிறுத்திச் சாக்கைக் கொட்டவைக்கிற என் வாய் அந்த ஒரு வாக்கியத்துக்குத் திறக்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ எண்களை எண்ணிக்கொண்டே பயிற்சி செய்வது கேட்டது. இருபதுவரை எண்ணி, நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். இன்னும் கொஞ்சம் பொறு, யாராவது உள்ளே வருவார்கள், பேச்சு மாறிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

கடைசியில் தங்கைதான் பேசினாள். "ஒங்க தப்பு இல்ல. நான்தான் அன்னிக்கு நல்லா தாண்டல."

ஃபிசியோ அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, தங்கையின் தோளைத் தட்டினாள். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முட்டியின் கீழ் வைத்து, "மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள். தங்கை துண்டை முட்டியால் அழுத்தினாள். பத்து முறை சொன்னதற்குப் பத்து முறை அழுத்தினாள்.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அவள் பின் இருக்கையில் காலை நீட்டிக் குறுக்காக உட்கார்ந்திருந்தாள். சிம்பாங் பூலாய் தாண்டி மலை ஏறும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வலிக்கிறதா, ஏதாவது வாங்கித் தரவா, ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள். வளைவுகள் தொடங்கியதும் பனி வந்தது. விளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அக்கா."

"ம்."

"நீ சொல்லுவேன்னுதான் நான் அங்க அவ்ளோ நேரம் பேசாம இருந்தேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.